பதினொரு நாள் இடைவெளி

1752 செப்டம்பருக்கு முன்னால், புதுச்சேரியிலும் கடலூரிலும் ஒரே நாளுக்கு ஒரே தேதி கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி கிரிகோரியன் காலண்டரின்படி கணக்கெழுதியது. கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலக் கம்பெனி பழைய ஜூலியன் காலண்டரை விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் பதினொரு நாள். கோட்டைகளுக்கு வெளியே இருந்த ஊராருக்கோ பிரபவ, விபவ என்று சுற்றிவரும் தமிழ் வருஷமே கணக்கு; அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயரோடு திரும்பி வரும்.

ஓர் இரவில் இந்தக் கரை குலுங்கியதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரே குலுக்கல் மூன்று ஏடுகளில் மூன்று தேதிகளில் ஏறியிருக்கும். நூறு வருஷம் கழித்துப் பட்டியல் போட வருபவர் அசந்துவிட்டால் ஒரு நிலநடுக்கம் இரண்டாகிவிடும். தமிழ் வருஷப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அறுபது வருஷம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். பிரெஞ்சு எழுத்தர்களின் சுருக்கெழுத்து இன்னொரு பொறி. செப்டம்பரை அவர்கள் ஏழு என்ற எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘ப்ர்’ என்ற கடைசி அசையை மட்டும் எழுதி முடிப்பார்கள். ‘செப்த்’ என்றால் பிரெஞ்சில் ஏழு. பழக்கமில்லாதவர் அதை ஏழாவது மாதம், ஜூலை என்று வாசித்துவிடுவார். பழைய நிலநடுக்கங்களைத் தேடும் வேலை பூமிக்கடியில் தொடங்குவதில்லை. இப்படித் தேதிகளைச் சரிபார்ப்பதில்தான் தொடங்குகிறது.

தேதியோடு போகாமல் நிகழ்ச்சியே மாறிப்போன கதையும் உண்டு. 1737 இல் கல்கத்தாவில் பூகம்பம் வந்து மூன்று லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகின் நிலநடுக்கப் பட்டியல்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எழுதிவந்தன. உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த நடுக்கங்களின் வரிசையில் அதற்கு இடமும் கொடுத்தார்கள். 1994 இல் ரோஜர் பில்ஹாம் என்ற நில அதிர்வியலாளர் மூல ஆவணங்களுக்கே திரும்பிப் போனார். கல்கத்தாவிலிருந்து கம்பெனி லண்டனுக்கு அனுப்பிய அறிக்கை பேசியது புயலைப் பற்றி. அதில் கண்ட சாவுக் கணக்கு சுமார் மூவாயிரம். அன்றைய கல்கத்தாவில் மூன்று லட்சம் மனிதர்களே வசிக்கவில்லை. பூகம்பமும் பெரிய எண்ணும் லண்டன் பத்திரிகைகளில் சேர்ந்துகொண்டவை. அந்தப் புயல் கூட இரண்டு தேதிகளோடு திரிகிறது: ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 30, புதிய காலண்டரில் அக்டோபர் 11. அதே பதினொரு நாள்.

புயலும் நடுக்கமும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பது வங்கக்கடல் கரை ஆவணங்களின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம். கடல் ஏறியது, சுவர் விழுந்தது, கப்பல் மூழ்கியது என்று ஒரு கடிதம் சொன்னால் மூன்றில் எது காரணம், எது விளைவு என்று அது சொல்லாது. கார்த்திகை மாதத்துக் கடிதமா, மாசி மாதத்துக் கடிதமா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

இந்தத் தேடல் புதுச்சேரிக்கு எதற்கு என்று 2001 வரை யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். அந்த ஆண்டு செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்பாக, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் சுமார் 5.5 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. புதுச்சேரியிலும் கடலூரிலும் சென்னையிலும் வீட்டை விட்டு ஓடிவந்த மக்கள் தெருவில் நின்றார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஜனவரி 26 அன்று, குஜராத்தின் புஜ் நகரம் இடிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த கண்கள் அவை. மறுபடி உள்ளே போகப் பலருக்கு மனம் வரவில்லை. சுவர்களில் விரிசல் விட்டது. பெரிய சேதம் இல்லை. ஆனால் ‘நம்ம பக்கம் பூகம்பம் வராது’ என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த வாக்கியம் அன்றிரவு செத்தது.

அந்த வாக்கியத்துக்கு அடித்தளமாக இருந்தது ஒரு பாடப்புத்தகக் கருத்து. தென்னிந்தியா பழைய, கெட்டிப்பட்ட பாறை. அது அசையாது என்பதே அந்தக் கருத்து. பாதி உண்மை. புதுச்சேரியின் மேற்கே செஞ்சிக் குன்றுகள் பழம்பெரும் பாறைதான். ஆனால் அங்கிருந்து கடலை நோக்கி வர வர மண் மாறிவிடுகிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் மணற்கல், ஆரோவில் ஓடைகளில் தெரியும் செம்மண், அதற்குக் கீழே கடற்கிளிஞ்சல்களோடு கூடிய கிரெட்டேசியஸ் காலத்துச் சுண்ணாம்புப் பாறை என்று அடுக்கடுக்காகப் போகும். 1846 இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் லண்டனில் உட்கார்ந்து புதுச்சேரிப் பகுதிக் கிளிஞ்சல் புதைபடிவங்களை வகைப்படுத்தி எழுதினார். அந்த அடுக்குகள் நிரம்பியிருக்கும் பள்ளத்துக்கு அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம் என்று பெயர். காவிரிப் படுகையின் ஓர் உறுப்பு அது. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோது பூமி கிழிந்து தாழ்ந்ததால் உண்டானது. கிழிந்த விளிம்புகள் இன்னும் அடியில் இருக்கின்றன. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அந்த முட்டலின் அழுத்தம் இமயத்தோடு நின்றுவிடாமல் தெற்கே வரை வந்து பழைய கிழிசல்களில் சேர்கிறது. சேர்வது மிக மெதுவாக. ஒரு கிழிசல் இரண்டு முறை அசைவதற்கு நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் போகலாம். நம்முடைய கருவிகளின் வயது நூற்றுச் சொச்சம்.

ஆகவே கருவிக்கு முன்னால் போக வேண்டும். அதற்கு முதல் ஏணி தாமஸ் ஓல்டாமின் பட்டியல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைத் தொடங்கிவைத்த இவர் திரட்டியதை, இறந்த பிறகு மகன் ஆர். டி. ஓல்டாம் 1883 இல் வெளியிட்டார். ஆதிகாலம் முதல் 1869 முடிய இந்திய நிலநடுக்கங்கள். அந்த அடித்தளத்தின் மேல் பின்வந்தவர்கள் கட்டிய இன்றைய பட்டியல்களில் வடதமிழகத்துக்குச் சில வரிகள் உண்டு: 1807, 1816 இல் சென்னை, 1822 இல் வந்தவாசிப் பக்கம், 1823 இல் திருப்பெரும்புதூர்ப் பக்கம், 1859 இல் போளூர்ப் பக்கம். பிறகு 1867 ஜூலை 3, விழுப்புரம் பகுதி. அளவு 5.7 இருக்கலாம் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர். 2001 இல் கடலுக்குள் வந்தது முன்பே நிலத்தில் ஒருமுறை வந்திருக்கிறது. ஊர் அதை மறந்துவிட்டது.

இந்த வரிகளை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். பட்டியல் நிரம்பியிருப்பது ஆங்கிலப் பத்திரிகை போய்ச் சேர்ந்த இடங்களில். ராணுவ முகாம், கலெக்டர் கச்சேரி, மிஷன் வீடு இருந்த ஊர்களில் பூமி ‘அதிகம்’ நடுங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரி அந்த வலைக்கு வெளியே. பட்டியலில் புதுச்சேரியின் பெயர் அரிதாக வருவதற்குப் பூமியின் அமைதி காரணமல்ல, தபால் போன வழிதான் காரணம் என்பது என் முடிவு. பிரான்சின் திஜோன் நகரில் அலெக்ஸி பெர்ரே என்ற பேராசிரியர் 1840களிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலக நிலநடுக்கச் செய்திகளைக் கடிதம் கடிதமாகச் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில் இருந்த அந்தக் களஞ்சியமும் ஆங்கிலப் பட்டியல்களும் ஒன்றையொன்று வரிவரியாகச் சோதித்துக்கொள்ள வேண்டியவை.

புதுச்சேரி ஆவணங்களுக்கு இன்னொரு காயமும் இருக்கிறது. 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையோடு நிற்காமல் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1765 க்குப் பிறகு ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் ஊர் மறுபடி எழுந்தது. ஆகவே இன்று நாம் ‘பழைய புதுச்சேரி’ என்று பார்த்து நடக்கும் சுவர் எதுவும் 1761 க்கு முந்தைய நடுக்கத்துக்குச் சாட்சி சொல்லாது. காகிதம்தான் சொல்ல வேண்டும். காகிதத்தில் ஒரு பகுதி பிரான்சில் எக்ஸான்புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி இங்கேயே, தேசிய ஆவணக்காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையில்.

பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தனி. 1736 செப்டம்பரில் தொடங்கி, நகரம் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் இறக்கும் காலம் வரை போகும் இந்த ஏடுகளை, 1846 இல் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார். அதில் வியாபாரம் இருக்கிறது, ஆளுநர் துய்ப்ளேக்சின் கோபம் இருக்கிறது, புயலில் விழுந்த மரங்களின் கணக்கு, சகுனம், ஊர் வதந்தி எல்லாம் இருக்கின்றன. நாளுக்கு நாள் எழுதப்பட்ட இப்படிப்பட்ட ஏடு நிலநடுக்க ஆய்வாளனுக்கு இரண்டு விதத்தில் உதவும். அதில் ‘பூமி அதிர்ந்தது’ என்று இருந்தால் அது செய்தி. அப்படியில்லாமல், அக்கம்பக்கத்து ஆங்கில ஏட்டில் பெரிய அதிர்வு பதிவான நாளில் பிள்ளை துணி மூட்டைக் கணக்கை அமைதியாக எழுதிக்கொண்டிருந்தால், அதுவும் செய்திதான். நடுக்கம் எங்கே நின்றது என்பதற்கு எல்லைக்கோடு போட அந்த அமைதி தேவை. பதினொரு நாளைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நிலநடுக்கம் ஆவணத்துக்குள் எப்போதும் தன் பெயரோடு வருவதில்லை. பிரெஞ்சில் ‘த்ராம்பிள்மான் து தேர்’ என்றால் பூமியின் நடுக்கம்; ‘ஸெகூஸ்’ என்றால் உலுக்கல். இந்த இரண்டு சொற்களை மட்டும் தேடுபவர் பாதிதான் கண்டுபிடிப்பார். மீதி, சுண்ணாம்பு இத்தனை கூடை, செங்கல் இத்தனை ஆயிரம், உத்திரம் இத்தனை என்ற பழுதுபார்ப்புச் செலவுக் கணக்கில் ஒளிந்திருக்கும். ஒரே மாதத்தில் கோயில், தேவாலயம், கிடங்கு மூன்றுக்கும் சுவர் பூசச் செலவானால், மழையும் பெய்யாத மாதமாக இருந்தால், நின்று யோசிக்க வேண்டும். கப்பல் பதிவேடுகளும் அப்படித்தான். புதுச்சேரியில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகுகள் போய்ச் சரக்கு இறக்கும். கடலடியில் நடுக்கம் வந்தால் மேலே நிற்கும் கப்பலில் இருப்பவர்களுக்குக் கப்பல் தரைதட்டியது போலிருக்கும். ஆழமான நீரில் ‘தரைதட்டியதாக’ ஒரு மாலுமி எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது.

இப்படிக் கிடைத்த வரிகளைக் கொண்டு ஊர்வாரியாக அதிர்வின் வலிமையைப் படிப்படியாக மதிப்பிடுவார்கள். தொங்கும் விளக்கு ஆடினால் ஒரு படி, பாத்திரம் உருண்டால் ஒரு படி, சுவர் பிளந்தால் மேலே. 2010 இல் ஸ்டேசி மார்ட்டினும் வால்டர் செலிகாவும் 1636 முதல் 2009 வரையான 570 இந்திய நிலநடுக்கங்களுக்கு இப்படி ஊர்வாரி மதிப்பீடுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பத்திரிகைத் துணுக்கு, கடிதம், நினைவுக்குறிப்பு என்று ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்துச் செய்த வேலை அது. தமிழிலும் பிரெஞ்சிலும் கிடக்கும் வரிகள் சேரச் சேர அந்தத் தொகுப்பு இன்னும் கூர்மையாகும்.

சுவர் பேசுவதைக் கேட்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 1870–71 இல் கடற்கரைச் சாலையில் கட்டிய மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. பூமி அசையவில்லை, ஈரம் ஊறிய செங்கல்லும் உளுத்துப்போன சுண்ணாம்பும் பாரம் தாங்கவில்லை. பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். தேதியும் காரணமும் நமக்குத் தெரியும். அவை எழுதப்படாமல் போயிருந்தால், இருநூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளன் அந்த இடிபாட்டைப் பார்த்து என்ன எழுதுவான்? இடிந்த கோயில் ஒவ்வொன்றையும் பூகம்பத்தின் கணக்கில் எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது.

காகிதம் முடியும் இடத்தில் மண்வெட்டி தொடங்குகிறது. நீர் ஊறிய மணல் பலமாகக் குலுங்கினால் ஒரு கணம் கூழாகிவிடும். மேலே களிமண் மூடியிருந்தால் அதைக் கிழித்துக்கொண்டு மணலும் நீரும் பீறிடும். நடுக்கம் நின்றதும் அந்தக் கிழிசலில் மணல் அப்படியே உறைந்துபோகும். களிமண்ணுக்குள் கீழிருந்து மேலாக ஏறிய வெள்ளை மணல் நரம்பு ஒன்றை ஆற்றங்கரை வெட்டில் கண்டால் அது பழைய நடுக்கத்தின் கையெழுத்தாக இருக்கக்கூடும். புதுச்சேரியைச் சுற்றி இதற்கேற்ற இடங்கள் சங்கராபரணியின் கரைகளும் தென்பெண்ணையின் கரைகளும், வடக்கே கழுவேலிச் சதுப்பும். மணல் நரம்பு வெட்டிக்கொண்டு போன அடுக்கின் வயதும், அதை மூடிய அடுக்கின் வயதும் தெரிந்தால் நடுக்கம் இரண்டுக்கும் நடுவே சிக்கிவிடும். கரித்துண்டு கிடைத்தால் கார்பன் கணக்கு. வெறும் மணலாக இருந்தால், அந்தக் குவார்ட்ஸ் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஒளித்தூண்டல் முறையில் அளப்பார்கள். மாதிரியை வெளிச்சம் படாமல் குழாயில் அடைத்து எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் வெயில் பட்டால் ஆயிரம் ஆண்டு அழிந்துவிடும்.

இதற்குத் தக்காணத்தில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் 6.2 அளவு நடுக்கத்தில் அழிந்தன. அதுவும் ‘வராது’ என்று சொல்லப்பட்ட இடம். பிறகு சி. பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலியோர் அங்கிருந்து அதிக தூரமில்லாத தேர் என்ற பழைய ஊரில் வளைந்து நெளிந்த திரிவிக்கிரமர் கோயில் சுவரையும் கலைந்த மண்ணடுக்குகளையும் ஆராய்ந்து, சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு நடுக்கம் வந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். சுவரும் மண்ணும் ஒரே காலத்தைச் சொன்னதால்தான் அந்த வாதத்துக்கு வலு.

புதுச்சேரிக் கரைக்கு இன்னொரு வகை நடுக்கமும் பொருட்டு: தொலைவில் பிறந்து கடல்வழியே வருவது. 1881 டிசம்பர் 31 காலையில் கார் நிக்கோபார் அருகே 7.9 அளவு நடுக்கம். அது எழுப்பிய அலையை வங்கக்கடலைச் சுற்றி கடல்மட்டத்தை அளக்கும் எட்டு ஓதமானிகள் காகிதத்தில் கோடாக வரைந்தன. நாகப்பட்டினமும் சென்னையும் அவற்றில் உண்டு, புதுச்சேரிக்குத் தெற்கும் வடக்கும். உச்ச உயரம் ஒரு மீட்டரைத் தொடவில்லை. நூற்றிருபது ஆண்டு கழித்து அந்தக் கோடுகளை எடுத்து மொதெஸ்தோ ஒர்த்திஸும் பில்ஹாமும் கடலடியில் பிளந்த பரப்பைக் கணக்கிட்டார்கள். கட்டுரை வந்தது 2003 இல். மறு ஆண்டு டிசம்பர் 26 அன்று அதே தட்டு விளிம்பு சுமத்ரா முதல் அந்தமான் வரை கிழிந்தது. புதுச்சேரி நகரத்தைக் கடற்கரைச் சாலையின் கல்லணைப்பு பெரிதும் காத்தது. கல் இல்லாத மீனவ ஊர்களிலும் காரைக்காலிலும் அலை உள்ளே புகுந்தது.

அந்த அலை மணலையும் விட்டுப் போனது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அலை வெளிப்படுத்திய பாறைக் கல்வெட்டைப் பின்பற்றித் தொல்லியல் துறையினர் தோண்டியபோது செங்கல்லால் ஆன முருகன் கோயில் கிடைத்தது. மாமல்லபுரக் கரையில் ராஜேந்திரன் குழுவினர் ஏறக்குறைய 1000, 1500 ஆண்டுகளுக்கு முந்தைய கடற்பெருக்கின் மணலடுக்குகளை இனங்கண்டு 2006 இல் எழுதினார்கள். 2011 இல் காவிரிப்பூம்பட்டினத்திலும் சோழர் காலத்து ஆழிப்பேரலையின் மணலடுக்கு ஒன்றை வெளியிட்டார்கள். கடலுக்கு அப்பாலும், தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004 மணலுக்குக் கீழே பழைய மணல் விரிப்புகள் கிடைத்தது 2008 இல். காவிரிப்பூம்பட்டினம் என்றதும் மணிமேகலை சொல்லும் கடல்கோளை அந்த மணலோடு முடிச்சுப்போட யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் மணலின் வயது ஆயிரம் ஆண்டு. காப்பியம் அதற்கும் முந்தியது. முடிச்சு விழாது.

புயலும் கடலேற்றமும் இங்கும் மணலைக் கொட்டும் என்பதுதான் பெரிய சிக்கல். காகிதத்தில் இருந்த குழப்பம் மண்ணிலும் தொடர்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2004 அலை ஏறிய அதே கரை. ஏழே ஆண்டு இடைவெளியில், நாள் நேரம் தெரிந்த இரண்டு படிவுகள்: ஒன்று ஆழிப்பேரலை, இன்னொன்று புயல். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எதில் ஆழ்கடல் நுண்ணுயிர் ஓடுகள் இருக்கின்றன, எதில் அடித்தளக் களிமண் கட்டிகள் பிய்ந்து வந்திருக்கின்றன, எது எவ்வளவு தூரம் உள்ளே போய் மெலிகிறது என்று கற்றுக்கொண்ட பிறகே ஆயிரம் வருஷத்து மணலுக்குப் பெயர் வைக்க முடியும். 1955 முதல் புதுச்சேரியிலேயே இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்த ஆய்வகம் பிச்சாவரம் போன்ற அலையாத்திச் சேற்றின் மகரந்தங்களைப் படித்துக் கரையின் பழைய முகத்தைச் சொல்லும் திறன் கொண்டது. கடல் எப்போது உள்ளே வந்தது, எப்போது பின்வாங்கியது என்ற கேள்விக்கு அந்தத் திறனும் வேண்டும்.

ஒரு கணக்கு மட்டும் இதில் தெளிவாகிறது. 1867 அல்லது 2001 போன்ற பக்கத்து, நடுத்தர நடுக்கங்கள் மண்ணில் தடம் பதிப்பது அரிது. அவற்றைக் காகிதம்தான் பிடிக்கும். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பேரலையைக் காகிதம் பிடிக்காது, மண்தான் பிடிக்கும். ஆவணக்காரரும் அகழ்வுக்காரரும் தனித்தனியே உழைத்தால் புதுச்சேரிக்கு அரைப் பட்டியல் இரண்டு மிஞ்சும். பிரெஞ்சும் தமிழும் ஆங்கிலமும் வாசிப்பவர்களும், சங்கராபரணிக் கரையில் முழங்கால் சேற்றில் நிற்கத் தயாரானவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய ஊர் இது.

அதுவரை உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பாட்டன் காலத்துக் கணக்கு நோட்டு, கோயில் வரவுசெலவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால், பழைய காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் ஓரக்குறிப்புகளை வாசித்துப் பாருங்கள். 2001 செப்டம்பர் 25 இரவு நீங்கள் இந்தக் கரையில் இருந்திருந்தால், எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில் இருந்தீர்கள், எது ஆடியது, எது விழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். தேதியை வருஷத்தோடு முழுதாக எழுதுங்கள்.